பொதிகை உச்சியில் ஒரு காந்த ஊசி

மார்கழி விடியலில் பாபநாசம் படித்துறையில் இறங்குகிறவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்: "தண்ணி வெதுவெதுன்னு இருக்கு." அதே ஆற்றில் மத்தியானம் காலை வைத்தால் சில்லென்று இருக்கும். அப்படியானால் தாமிரபரணி விடியலில் சூடு, உச்சிப்பொழுதில் குளிர்ச்சி. கிணற்றுத் தண்ணீருக்கும் இதே பேச்சுதான். காரணம் கேட்டால் அதுவும் தயாராக இருக்கும். இரவெல்லாம் பூமிக்குள் அடங்கிக் கிடந்த சூடு விடியலில் வெளியே வருகிறது என்பார் ஒருவர். மலை மூலிகைகளின் வேரைத் தொட்டு வருகிற தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்பார் இன்னொருவர்.

ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டி ஆற்றுக்குள் இறக்கினால் கதை மாறிவிடுகிறது. ஓடும் ஆற்றின் வெப்பநிலை ஒரு நாளுக்குள் மிகக் கொஞ்சமே ஏறி இறங்கும். அந்தக் கொஞ்சமும் நாம் நினைப்பதற்கு நேர்மாறு: விடியலில் குறைவு, பிற்பகலில் அதிகம். பெரிதாக மாறுவது காற்றும் நம் தோலும்தான். தோல் வெப்பநிலையை அளப்பதில்லை. உடம்பிலிருந்து சூடு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைச் சற்று முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டுச் சொல்கிறது, அவ்வளவே. மார்கழிக் காற்றில் விறைத்த காலுக்கு ஆறு இதமாகத் தெரிகிறது. வெயிலில் காய்ந்த காலுக்கு அதே ஆறு குளிர்கிறது. படித்துறைக் கருங்கல்லும் பக்கத்தில் கிடக்கும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் கல்தான் காலைச் சுள்ளென்று கடிக்கும். கல் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்வதே காரணம்.

படித்துறையில் நின்றவர் பொய் சொல்லவில்லை. இப்போது இறங்கிக் குளிக்கலாமா என்பதே அவருக்கு முன்னால் இருந்த கேள்வி. அதற்குத் தோல் தந்த பதில் மிகச் சரி. பொதுப்புத்தி இப்படித்தான் வேலை செய்கிறது. காரியம் நடக்க வேண்டும்; காரியம் நடந்துவிட்டால் கேள்வி முடிந்தது. கார் பருவத்துக்கு எப்போது நாற்று விடலாம், பிசானப் பருவத்துக்கு எப்போது உழலாம் என்று அம்பாசமுத்திரம் விவசாயி பொதிகை மேல் கவியும் மேகத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு தவறினால் வயிறு காயும் என்பதால் அது சும்மா வந்த அறிவு இல்லை. போதாததற்கு அளவீட்டையும் அது தன்னுள் இழுத்துக்கொள்கிறது. பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி என்பது நெல்லை மாவட்டத்து டீக்கடைகளில் யாரும் விளக்க வேண்டாத எண். இன்றைய மட்டம் என்ன என்று பேப்பரைப் புரட்டுகிறவர், அறியாமலே ஒரு அளவுகோலை வைத்துத்தான் யோசிக்கிறார்.

இதைப் பார்க்கும்போது உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி 1854இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவு நினைவுக்கு வருகிறது. அறிவியல் என்பது பழக்கி ஒழுங்குபடுத்தப்பட்ட பொதுப்புத்தியே, அதற்கு மேல் மாயம் எதுவும் இல்லை என்பது அவர் வாதம். வெப்பமானி விஷயத்தில் ஹக்ஸ்லியை ஒப்புக்கொள்ளலாம். தோல் செய்கிற வேலையைக் கண்ணாடிக் குழாய் இன்னும் ஒழுங்காகச் செய்கிறது. வேறுபாடு துல்லியத்தில் மட்டும். ஆனால் எனக்கு அவர் சொன்னது பாதிதான் சரி என்று படுகிறது. மீதிப் பாதிக்கான சாட்சி அடுத்த ஆண்டே, 1855இல், இதே பாபநாசத்துக்கு மேலே உள்ள மலையின் உச்சியில் நடந்தது.

அந்த உச்சி, பொதிகை என்று நாம் சொல்லும் அகத்தியர் மலை. உயரம் 1,868 மீட்டர்; தமிழ்நாடும் கேரளமும் அதன் மேல் சந்திக்கின்றன. அதைப் பற்றி நமக்கெல்லாம் தெரிந்த கதை உண்டு. சிவன் பார்வதி திருமணத்துக்கு உலகமே கயிலையில் கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்துவிட்டது. சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பினார் சிவன். கல்யாணத்தைப் பார்க்க முடியாமல் போன முனிவருக்குப் பாபநாசத்திலேயே மணக்கோலத்தைக் காட்டினார்; அங்கேதான் கல்யாண தீர்த்தம். இந்தக் கதைக்குள் ஒரு இயற்பியல் இருக்கிறது: பரிசலில் எல்லாரும் ஒரே பக்கம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்ற இயற்பியல். கண்ணால் கண்ட சிறிய விஷயத்தைப் பூமி அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்பது பொதுப்புத்தியின் பழைய வழக்கம். கதையாக அது அழகு. நம் முன்னோர் அதைக் கதையாகவே வைத்துக்கொண்டார்கள். அதை நம்பி யாரும் தராசைத் தூக்கிக்கொண்டு மலையேறவில்லை.

1855இல் மலையேறியவர் வேறொரு கருவியோடு போனார். பெயர் ஜான் ஆலன் பிரௌன். ஸ்காட்லாந்துக்காரர். அங்கே மேக்கர்ஸ்டன் என்ற இடத்தில் காந்த ஆய்வகம் ஒன்றை நடத்திவிட்டு, 1852இல் திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வகத்துக்கு இயக்குநராகத் திருவனந்தபுரம் வந்தவர். சுவாதித் திருநாள் காலத்தில், 1837இல், தொடங்கிய ஆய்வகம் அது. பிரௌன் கடல்மட்டத்தை ஒட்டிய அந்த ஆய்வகம் போதாது என்று அகத்தியர் மலை உச்சியிலும் இன்னொன்றைக் கட்டினார். அங்கே அவர் கவனிக்க விரும்பியவற்றுள் முதன்மையானது ஒரு காந்த ஊசி.

காந்த ஊசி வடக்கு நோக்கி நிற்கும். தூத்துக்குடி மாலுமிக்கு இது போதும், போதவும் செய்தது. அந்த ஊசியைப் பற்றி யாருக்கும் எந்தப் புகாரும் இல்லை. ஆனால் 1722இல் லண்டனில் ஜார்ஜ் கிரகாம் என்ற கடிகாரக் கைவினைஞர், மிக நுட்பமான ஊசி ஒன்றை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பார்த்தபோது, அது ஓரிடத்தில் நிற்கவில்லை என்று கண்டார். காலையில் ஒரு பக்கம் சற்று விலகி, பிற்பகலில் மறுபக்கம் போய், இரவில் திரும்பி வந்து நின்றது. மறுநாளும் அப்படியே. திருவனந்தபுரம் போன்ற இடத்தில் இந்த நகர்வு ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. கப்பல் ஓட்டுகிறவருக்கு அது இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

பொதுப்புத்திக்கும் அறிவியலுக்கும் நடுவே இருக்கிற பள்ளம் இங்கேதான் எனக்குத் தெரிகிறது. துல்லியத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம். பொதுப்புத்தி நம்மை இடறிய கல்லைப் பற்றியே கேட்கும். யாரையும் இடறாத, யாருக்கும் உதவாத, கண்ணுக்கும் காதுக்கும் தோலுக்கும் எட்டாத ஒன்றைத் தேடிப் போவதற்கு அதனிடம் காரணமே கிடையாது. ஆற்றுநீரின் சூட்டைப் பற்றியாவது தோல் தப்பாகவேனும் ஏதோ சொன்னது. காந்தப்புலத்தைப் பற்றி நம் உடம்பு வாயே திறப்பதில்லை.

இடறாத விஷயங்களில் பொதுப்புத்தி எவ்வளவு காலம் சும்மா இருக்கும் என்பதற்குப் பூண்டு ஒரு சாட்சி. பூண்டுச் சாறு பட்டால் காந்தம் சக்தி இழந்துவிடும் என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் காலத்திலிருந்து ஐரோப்பாவில் எழுதிக்கொண்டே வந்தார்கள். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள்! பூண்டு எந்த அடுக்களையிலும் உண்டு. பின்னாளில் காந்தம் எந்தக் கப்பலிலும் உண்டு. இரண்டையும் உரசிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியின் ஜாம்பட்டிஸ்டா டெல்லா போர்ட்டா உரசிப் பார்த்தார். காந்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. 1600இல் காந்தத்தைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய வில்லியம் கில்பர்ட்டும் அந்தக் கதையைத் தூக்கி எறிந்தார். அதுவரை எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. அந்த நம்பிக்கை பொய்யானால் அவர்களுக்கு எந்த நட்டமும் இல்லை, அதனால் பார்க்கவில்லை.

சரி, ஊசி நகர்கிறது. அதை எப்படிப் பிடிப்பது? ஜெர்மனியின் காஸ் 1830களில் வழி வகுத்தார். காந்தச் சட்டத்தை முறுக்கில்லாத பட்டு நூலில் தொங்கவிட்டு, அதில் சிறு கண்ணாடி ஒன்றை ஒட்டினார். சற்றுத் தள்ளித் தொலைநோக்கியும், அதனடியில் அளவுகோலும். பார்ப்பவர் தொலைநோக்கி வழியாகக் கண்ணாடியில் தெரியும் அளவுகோலின் பிம்பத்தைப் படிப்பார். கண்ணாடி திரும்பும் கோணம் பிரதிபலிப்பில் இரட்டிக்கும். ஆகவே சட்டம் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு திரும்பினாலே, மூன்று மீட்டர் தொலைவில் உள்ள அளவுகோலில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நகர்வு தெரியும். கட்டடத்தில் இரும்பு ஆணி கூடாது; செம்பு ஆணிதான். படிக்கப் போகிறவர் சாவிக்கொத்தையும் பேனாக்கத்தியையும் வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். (பின்னாளில் பம்பாயில் மின்சார டிராம் ஓட இருந்தபோது, கொலாபாவில் இருந்த காந்த ஆய்வகம் 1904இல் கடல் தாண்டி அலிபாக்குக்கே குடிபெயர்ந்தது. டிராமின் மின்னோட்டம் ஊசியைக் குலுக்கிவிடும் என்பதே காரணம்.)

ஒருவர் ஊசி நகர்ந்தது என்று சொன்னால் அது அவர் வீட்டு விஷயம். நூல் முறுக்கியிருக்கலாம், கதவு இடுக்கில் காற்று வந்திருக்கலாம். இதைத் தாண்டத்தான் காஸும் அவர் கூட்டாளிகளும் பல நாட்டு ஆய்வகங்களைச் சேர்த்து, குறித்த நாளில், காஸ் இருந்த கோட்டிங்கன் ஊர் நேரப்படி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாரும் ஒரே சமயத்தில் படிக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். முகம் பார்த்திராத இரண்டு பேர், இரண்டு நாடுகளில், ஒரே நிமிடத்தில் ஒரே துடிப்பைக் குறித்து வைத்திருந்தால் அந்தத் துடிப்பு யார் வீட்டுக் கதவிடுக்கிலும் இல்லை.

பிரௌன் தெற்கே வந்ததற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஊசியை மேலும் கீழும் சாயும்படி கட்டினால், காந்தத் துருவத்தில் அது செங்குத்தாக நிற்கும். லண்டனில் நன்றாகச் சாய்ந்து நிற்கும். ஏதோ ஒரு கோட்டில் சாயாமல் படுத்துவிடும். அந்தக் காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிப் போகிறது. சென்னை வானாய்வகத்தின் டெய்லரும் திருவனந்தபுரத்தின் முதல் இயக்குநர் கால்டிகாட்டும் 1837இலேயே தென்னாடு முழுக்க அலைந்து இந்தச் சாய்வையும் விசையையும் அளந்திருந்தார்கள். இன்னொரு சிக்கல்: இந்தக் கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது.

உச்சியில் ஏன் ஆய்வகம்? ஊசியின் அன்றாட நகர்வுக்குக் காரணம் நிலத்திலா, காற்றிலா, அதற்கும் மேலா என்று தெரியாத காலம் அது. 1804இல் பாரிஸில் பியோவும் கே-லுசாக்கும் பலூனில் ஏறி, உயரப் போனால் காந்தவிசை குறைகிறதா என்று பார்த்தார்கள். சொல்லத்தக்க மாற்றம் தெரியவில்லை. பலூன் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மலை இறங்காது. கீழே திருவனந்தபுரத்திலும் மேலே பொதிகையிலும் ஒரே நேரத்தில், நாள் கணக்கில், மாதக் கணக்கில் படித்து இரண்டையும் ஒட்டிப் பார்க்கலாம். இந்த யோசனைக்காக அட்டையும் யானையும் அடைமழையும் உள்ள காட்டில் பெட்டி பெட்டியாகக் கருவிகள் மேலே போயின. சுமந்தவர்கள் பெயரை அறிவியல் வரலாறு எழுதி வைக்கும் வழக்கம் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அறிவியல் வரலாறு, ராஜாக்களின் வரலாற்றைவிட மேல் என்று சொல்லிவிட முடியாது.

இன்று நமக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால், அந்த மலையேற்றத்தால் நகர்வில் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. காரணம் நூறு கிலோமீட்டருக்கு மேலே இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத ஏற்றம் அதற்குக் கிட்டே போனதாகாது. ஆனால் வித்தியாசம் இல்லை என்பதும் ஒரு விடைதான். நிலத்தை ஒட்டிய காற்றின் சூடு காரணம் என்று யாராவது சொன்னால், மலை உச்சிப் பதிவுகள் அவர் வாயை அடைக்கும். பிரௌனுக்கு இன்னும் பெரிய விடை தரையில் கிடைத்தது. காந்தவிசை நாளுக்கு நாள் கூடிக் குறைவதை அவர் பிற நாட்டுப் பதிவுகளோடு ஒட்டிப் பார்த்தபோது, எல்லாம் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கின. பூமி முழுவதும் ஒரே உடம்பாகச் சிலிர்த்துக்கொள்கிறது. அந்தச் சிலிர்ப்பு சுமார் 26 நாளுக்கு ஒரு முறை திரும்ப வருகிறது. சூரியன் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிவர எடுத்துக்கொள்ளும் காலத்தோடு அது பொருந்துகிறது. திருவனந்தபுரத்தில் தொங்கிய ஒரு காந்தச் சட்டம் சூரியன் சுழல்வதைச் சொல்லிற்று.

பிறகு நடந்தது நீண்ட கதை, வேகமாகச் சொல்கிறேன். 1882இல் பால்ஃபர் ஸ்டூவர்ட், வானத்தின் மேலடுக்கில் மின்னோட்டம் பாய வேண்டும், அதுதான் ஊசியை ஆட்டுகிறது என்று ஊகித்தார். அப்படியொரு மின்கடத்தும் அடுக்கு இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. 1922இல் பெரு நாட்டின் ஹுவாங்காயோவில், காந்த நடுக்கோட்டை ஒட்டி ஓர் ஆய்வகம் திறந்தபோது, பகலில் காந்தவிசையின் ஏற்றம் மற்ற இடங்களைவிடப் பெரிதாக இருந்தது. நடுக்கோட்டின் மேல் மட்டும் குறுகலான, வலுவான மின்னோட்டம் ஒன்று ஓடுகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள்; 1951இல் சிட்னி சாப்மன் அதற்கு எலக்ட்ரோஜெட் என்று பெயர் வைத்தார். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. மீனவக் குப்பமாக இருந்த தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காந்த நடுக்கோடு அதை ஒட்டிப் போனதே காரணம். அடுத்த சில ஆண்டுகளில் காந்தமானிகளைச் சுமந்த ராக்கெட்டுகள் அங்கிருந்து போய், அந்த மின்னோட்டத்தை அது ஓடும் இடத்திலேயே தொட்டுப் பார்த்தன. சுமார் 105 கிலோமீட்டர் உயரம்.

இப்போது அதைத் தினமும் கண்காணிப்பது பாளையங்கோட்டையைத் தாண்டித் திருச்செந்தூர் சாலையில் உள்ள கிருஷ்ணாபுரம். சிற்பங்களுக்குப் பேர்போன வெங்கடாசலபதி கோயில் உள்ள அதே ஊரில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. திருநெல்வேலியில் கிடைமட்டக் காந்தவிசை ஏறக்குறைய 40,000 நானோடெஸ்லா. அமைதியான நாளில் உச்சிப்பொழுதை ஒட்டி அது பத்துகளிலிருந்து நூறு நானோடெஸ்லா வரை கூடும், மாலையில் இறங்கிவிடும். பாபநாசம் படித்துறையில் மத்தியானம் துணி துவைக்கிற பெண்ணின் தலைக்கு நேர் மேலே, பல்லாயிரம் ஆம்பியர் மின்னோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் சோப்புக் கட்டியைத் தேடிக்கொண்டிருப்பார். தேட வேண்டியதும் அதுதான்.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஒரு கேள்வியை எப்படி மூடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு, 2010 ஜனவரி 15 நல்ல எடுத்துக்காட்டு. அன்று தை அமாவாசை. தர்ப்பணத்துக்குப் பாபநாசத்தில் வழக்கமாகவே கூட்டம் கூடும் நாள். அன்று உச்சிப்பொழுது தாண்டி வளையக் கிரகணமும் வந்தது. திருவனந்தபுரம், பாபநாசம், திருநெல்வேலி, கன்னியாகுமரி, தனுஷ்கோடி எல்லாம் அதன் பாதைக்குள். மேலடுக்கில் மின்கடத்தும் துகள்களை உண்டாக்குவது சூரிய ஒளி. ஒளி மறைந்தால் மின்னோட்டம் நலிய வேண்டும். கருவிகளில் நலிந்தது மட்டுமல்ல, கிழக்கே ஓடியது மேற்கே திரும்பிய அடையாளமும் பதிவாயிற்று.

பொதுப்புத்திக்கு இதோடு வழக்கு முடிந்தது. கிரகணம் பிடித்தது, ஓட்டம் திரும்பியது, வேறென்ன வேண்டும்? ஆனால் இந்தத் திருப்பம் கிரகணமே இல்லாத நாள்களிலும் சில பிற்பகல்களில் வரும் என்பது பல ஆண்டுப் பதிவுகளில் இருக்கிறது. கடலைப் போலவே மேல்வானத்துக்கும் நிலவால் ஏற்றவற்றம் உண்டு. அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் திருப்பம் வருவதற்கு வாய்ப்பு அதிகம். சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதுவே ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தலைவலி. அன்று ஓட்டத்தைத் திருப்பியது நிழலா, நிலவின் ஏற்றவற்றமா? இரண்டுமா? எந்த விகிதத்தில்? கிரகணத்தையும் அமாவாசையையும் பிரித்து வைத்துச் சோதிக்க யாராலும் முடியாது. பதிவுகள் கையில் இருந்தும், இதைப் பற்றிய கட்டுரைகள் ஒன்றோடொன்று வாதாடுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது குழப்பம் போலத் தெரியும். "இத்தனை படித்தும் ஒரு முடிவுக்கு வரத் தெரியவில்லையே" என்று கேட்கிற பெரியவரை எனக்குத் தெரியும். கிடைத்த விடை தங்களுக்குச் சாதகமாக இருக்கும்போதே, அது வேறு எந்த வழியில் வந்திருக்கலாம் என்று தேடுகிற பழக்கம் நம் இயல்பில் இல்லாத ஒன்று. பழகித்தான் வர வேண்டும். பழகியவரும் தன் கட்டுரைக்கு அதைச் செய்யச் சுணங்குவார். அடுத்தவர் கட்டுரைக்கு ஆசையோடு செய்வார். அதனால்தான் அறிவியலுக்கு ஆள் நிறைய வேண்டியிருக்கிறது.

அடுத்த வாய்ப்பு 2031 மே 21. மறுபடி ஒரு வளையக் கிரகணம் கேரளத்தைத் தொட்டு, தேனி, மதுரை வழியாக யாழ்ப்பாணம் பக்கம் போகும். இம்முறையும் உச்சிப்பொழுதை ஒட்டியே. பாபநாசம் வளையப் பாதைக்கு வெளியே இருந்தாலும் சூரியனின் பெரும்பகுதி மறையும். அன்றும் அமாவாசைதான், ஆனால் தை இல்லை, வைகாசி. பருவம் மாறுவதால் மேல்வானத்துக் காற்றும் ஏற்றவற்றமும் மாறியிருக்கும். நிழலின் பங்கு அப்படியே இருந்து மற்றது மாறினால், இரண்டையும் பிரித்தெடுக்க ஒரு பிடி கிடைக்கலாம். அதற்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படுவது அந்த ஒரு நாளின் பதிவு மட்டுமில்லை. கிரகணம் இல்லாமல், விசேஷம் ஒன்றும் இல்லாமல் வந்து போகிற வைகாசி அமாவாசைகளின் உச்சிப்பொழுதுப் பதிவுகள், எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்குமோ அத்தனை ஆண்டுகளுக்கும் வேண்டும்.